குறி தவறாத கருவியும் குறி தவறிய குண்டும்



பாடசாலை விட்டு வந்த மகன் தேநீரையும் ஆறவிட்டுவிட்டுக் கணனியின் முன் அமர்ந்து விடுகிறான். திரையில் அந்தக் காலத்து யுத்த விமானமொன்று, நான்கு இயந்திரங்களும் இரைய, மேகங்களுக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது. "என்ன மகன், எந்நாளும் குண்டு போடுற விளையாட்டுத்தானா?" என்று நீங்கள் கேட்டால், "இது சும்மா விளையாட்டு இல்ல உம்மா. இதில உள்ள ஒவ்வொரு சாமானும் சரித்திரத்தில இருந்த மாதிரியே செஞ்சிருக்கு" என்று பதில் வருகிறது.

இந்தப் பதிலைக் கேட்ட உம்மாமார் இரண்டு விதமாக நடந்து கொள்கிறார்கள். "பிள்ளை சரித்திரம் படிக்கிறான்" என்று சிலர் நிம்மதியாகக் குசினிக்குத் திரும்பி விடுகிறார்கள். வேறு சிலர் மின்சாரத்தையே நிறுத்தி விடுகிறார்கள். இரண்டில் எதைச் செய்வதற்கு முன்பும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அசல் மாதிரியே என்றால் எது அசல் மாதிரி இருக்கிறது? கருவியா? அல்லது அந்தக் கருவியால் உலகில் நடந்த காரியமா? இம்மாதம் இதைத்தான் சற்று விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

அசலைப் போலச் செய்யும் விளையாட்டு

இவ்வகை விளையாட்டுக்களுக்குச் சிமுலேட்டர் என்று பெயர். விமானம் காற்றில் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே திரையிலும் நடந்துகொள்ளும்படி கணக்குகளால் செய்யப்பட்டவை இவை. இன்று நேற்று வந்தவையல்ல. 1982 இல் அமெரிக்காவின் மட்டெல் நிறுவனம், தொலைக்காட்சியில் பொருத்தி விளையாடும் 'பி-17 பொம்பர்' என்ற விளையாட்டை வெளியிட்டது. விமானத்தில் உள்ளவர்கள் எச்சரிக்கை செய்யும் குரலும் அதில் கேட்டது. அக்காலத்தில் அது பெரும் அதிசயம். 1991 இல் ஜேர்மன் விமானப்படையின் இரகசிய ஆயுதங்களைப் பற்றிய விளையாட்டொன்று வந்தது. அதனுடன் ஒரு சரித்திரப் புத்தகத்தின் பருமனில் கையேடும் கொடுக்கப்பட்டது. 1992 இல் மைக்ரோபுரோஸ் நிறுவனம் 'பி-17 ஃபிளையிங் ஃபோட்ரஸ்' என்பதையும், 2000 ஆம் ஆண்டில் அதன் இரண்டாம் பாகத்தையும் வெளியிட்டது. 2001 இல் ரஷ்யாவிலிருந்து 'ஐஎல்-2 ஸ்டர்மோவிக்' வந்தது. 2011 இல் வந்த 'கிளிஃப்ஸ் ஒஃப் டோவர்', 1940 இல் இங்கிலாந்து வானில் நடந்த போரைக் காட்டுகிறது.

இவற்றை விளையாடுவோர் கருவிகளின் சரித்திர உண்மையில் மிகுந்த கண்டிப்புள்ளவர்கள். பி-17 என்பது இரண்டாம் உலக மகா யுத்தத்தில் அமெரிக்கா பயன்படுத்திய பெரிய குண்டுவீச்சு விமானம். அதன் மூக்கின் கீழே இரட்டைத் துப்பாக்கி பொருத்திய சுழல் கூண்டு, 1943 இன் பிற்பகுதியில் வந்த 'ஜி' வகையில்தான் வழமையாக இடம்பெற்றது. 1943 மே மாதத்தில் 25 பயணங்களை முடித்துப் புகழ்பெற்ற 'மெம்பிஸ் பெல்' விமானமோ அதற்கு முந்திய 'எஃப்' வகையைச் சேர்ந்தது. ஆகவே 1942 ஆம் ஆண்டைக் காட்டும் காட்சியில் அந்த மூக்குக் கூண்டு தெரிந்தால் "இது பிழை" என்று ஒரு பதினைந்து வயதுப் பையன் உடனே சொல்லி விடுவான். மேகத்தின் ஊடாகவும் தரையைக் காட்டும் ராடார் வந்தபோது, வழிகாட்டிச் செல்லும் விமானங்களில் வயிற்றுப்புறத்து உருண்டைத் துப்பாக்கிக் கூண்டை எடுத்துவிட்டு அந்த இடத்திலேயே ராடாரைப் பொருத்தினார்கள். இதையும் அவன் அறிந்திருப்பான்.

இந்தக் கண்டிப்பை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஒரு பொருள் எந்த ஆண்டில் எப்படி இருந்தது என்று தேடி அறிவது நல்ல பழக்கம். பாடசாலைப் புத்தகத்தில் ஒரு வரியைத் தேட மறுக்கும் பிள்ளை, விமானத்தின் ஒரு விசையைப் பற்றி ஒரு வாரம் தேடுகிறான் என்றால் அவனுக்குள் ஓர் ஆராய்ச்சியாளன் இருக்கிறான். அந்த ஆராய்ச்சி எந்த இடத்தில் நின்று விடுகிறது என்பதுதான் நமது கவலை.

நோர்டன் என்பவரின் கருவி

இந்த விளையாட்டுக்களில் பிள்ளைகள் அதிகம் பெருமை பேசும் சாமான், குண்டு வீசுவதற்குக் குறிபார்க்கும் கருவி. அமெரிக்க விமானங்களில் இருந்ததற்கு நோர்டன் கருவி என்று பெயர். அதைச் செய்த கார்ல் நோர்டன் ஒல்லாந்தர். 1880 இல் ஜாவாத் தீவின் செமராங் நகரில் பிறந்தவர். பின்னர் அமெரிக்கா சென்று கடற்படைக்காக இக்கருவியை உருவாக்கினார்.

இதற்கு ஏன் ஒரு கருவி தேவை? 25,000 அடி உயரத்திலிருந்து விடப்படும் குண்டு தரைக்கு வந்துசேர ஏறத்தாழ 40 விநாடி எடுக்கும். விமானம் ஓடிக்கொண்டிருப்பதால் குண்டும் அந்த நேரம் முழுவதும் முன்னோக்கிப் போய்க்கொண்டே விழும். எனவே இலக்கு வருவதற்கு இரண்டு மைலுக்கும் முன்னதாகவே அதை விட்டுவிட வேண்டும். ஓடும் பஸ்ஸிலிருந்து ஒரு பொருளை வீதியோரத்தில் நிற்பவரிடம் எறிய நினைத்தால், அவரைத் தாண்டிப் போய் விழுகிறது அல்லவா? அதே கதைதான். உயரம், வேகம், பக்கத்திலிருந்து அடிக்கும் காற்று, குண்டின் வடிவம் ஆகிய எல்லாவற்றையும் கணக்கிட வேண்டும்.

நோர்டன் கருவி இதைப் பற்சக்கரங்களாலும் சுழலும் பம்பரங்களாலும் செய்தது. விமானம் குலுங்கினாலும் அதன் பம்பரங்கள் தொலைநோக்கியை நேராகப் பிடித்துக்கொள்ளும். குண்டு வீசுபவர் கண்ணாடி மூக்குக்குள் குனிந்திருந்து, அதிலுள்ள சிலுவைக் கோட்டை இலக்கின் மீது நிறுத்தி, இரண்டு திருகுகளைத் திருகிக்கொண்டே இருப்பார். இலக்கு கோட்டை விட்டு நகராமல் நின்றுவிட்டால் கணக்குச் சரி என்று பொருள். அந்தக் கடைசி நிமிடங்களில் விமானத்தைச் செலுத்துவதும், உரிய நேரத்தில் குண்டை விடுவதும் கருவியின் வேலையாகவே ஆகிவிடும்.

அக்காலத்தில் இது அமெரிக்காவின் பெரும் இரகசியங்களில் ஒன்று. பறப்பு முடிந்ததும் ஆயுதக் காவலுடன் கழற்றிக்கொண்டு போய்ப் பூட்டி வைத்தார்கள். உயிரைக் கொடுத்தேனும் இரகசியத்தைக் காப்பதாகக் குண்டு வீசுவோர் சத்தியம் செய்தார்கள். ஆனால் யுத்தம் தொடங்குவதற்கு முன்பே, அதைச் செய்த தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவர் அதன் விபரங்களை ஜேர்மனிக்குக் கொடுத்து விட்டார். 1941 இல் பிடிபட்ட உளவாளிகளுள் அவரும் ஒருவர். இத்தனை பூட்டும் காவலும் எதிரிக்கு முன்பே தெரிந்துவிட்ட ஒன்றுக்குத்தான்!

இக்கருவி இருந்தால் வானிலிருந்து ஓர் ஊறுகாய்ப் பீப்பாவுக்குள்ளேயே குண்டைப் போடலாம் என்று அமெரிக்காவில் பெருமையாகச் சொன்னார்கள். மக்களைத் தொடாமல் தொழிற்சாலையை மட்டும் அழிக்கலாம் என்று நம்பினார்கள். பலர் மனப்பூர்வமாகவே நம்பினார்கள் என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும்.

நடந்தது என்ன?

யுத்தம் முடிந்தபின் அமெரிக்க அரசாங்கமே ஆட்களை அனுப்பி, ஜேர்மனியில் குண்டுகள் எங்கே விழுந்தன என்று ஆராய்ந்தது. 1945 இல் வெளியான அதன் அறிக்கை ஒரு கணக்கைச் சொல்கிறது. குறிவைத்த இடத்தைச் சுற்றி 1,000 அடி, அதாவது சுமார் 300 மீற்றர் தூரத்துக்கு ஒரு வட்டம் வரைந்தால், குறிப்பிட்ட இலக்குகளின் மீது வீசிய குண்டுகளில் சுமார் 20 சதவீதமே அதற்குள் விழுந்திருந்தன. ஐந்தில் நான்கு குண்டுகள் வட்டத்துக்கு வெளியே!

பிரித்தானியாவின் கதை இதைவிட மோசம். அதன் விமானங்கள் பெரும்பாலும் இரவில் சென்றன. 1941 ஓகஸ்டில் விமானங்கள் எடுத்த புகைப்படங்களைப் பரிசீலித்து ஓர் அறிக்கை தயாரிக்கப்பட்டது. "இலக்கைத் தாக்கினோம்" என்று திரும்பி வந்து சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றே இலக்கிலிருந்து ஐந்து மைலுக்குள் சென்றிருந்தது என்று அதில் கண்டார்கள். ஐந்து மைல் என்பது சிறிய பிழையா? கொழும்புக் கோட்டையைக் குறிவைத்துத் தெஹிவளையில் போடுவதற்குச் சமம்.

கருவி பிழையா? இல்லை. கருவி தன் கணக்கைச் சரியாகவே செய்தது. பிழை கணக்குக்கு வெளியே இருந்தது. பயிற்சி நடந்தது அமெரிக்காவின் பாலைவனத்துத் தெளிந்த வானத்தில். யுத்தம் நடந்ததோ வருடத்தில் பெரும்பகுதி மேகம் மூடிய ஐரோப்பாவில். இலக்கே தெரியாதபோது தொலைநோக்கி என்ன செய்யும்? தரைக்கும் விமானத்துக்கும் இடையில் காற்று ஒரே மாதிரி அடிப்பதில்லை. ஓர் உயரத்தில் ஒரு திசை, இன்னோர் உயரத்தில் வேறு திசை. குறிபார்க்கும் அந்த நிமிடங்களில் விமானம் அசையாமல் நேர்கோட்டில் போக வேண்டும். கீழேயிருந்து பீரங்கிகள் சுடுவதும் அதே நேரத்தில்தான். காலம் செல்லச் செல்ல, எல்லா விமானங்களிலும் குறிபார்க்கும் வழக்கமும் மாறிற்று. முன்னே செல்லும் ஒரு விமானம் குறிபார்க்கும்; அதிலிருந்து குண்டு விழுவதைக் கண்டதும் பின்னால் வருவோர் எல்லோரும் தம் குண்டுகளை விட்டு விடுவார்கள். ஒருவரின் பிழை அத்தனை பேரின் பிழையாக ஆகிவிடும்.

அந்தக் கருவிக்குப் பின்னால் குனிந்திருந்த மனிதனையும் மறந்துவிடக் கூடாது. பி-17 இல் பத்துப் பேர் சென்றார்கள். உள்ளே வெளிக்காற்று நுழையும். பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை குளிர். மின்சாரத்தால் சூடாகும் உடுப்பில் ஒரு கம்பி அறுந்தால் விரல்கள் உறைந்துபோகும். ஒக்சிசன் குழாயில் பனிக்கட்டி அடைத்தால் சில நிமிடங்களில் மயக்கம். கவனிக்க ஆளில்லாவிட்டால் மரணம். 1943 ஒக்டோபர் 14 அன்று, ஜேர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரிலுள்ள தொழிற்சாலைகளைத் தாக்க 291 விமானங்கள் புறப்பட்டன. 60 விமானங்கள் திரும்பி வரவில்லை. ஒரே பிற்பகலில் அறுநூறு பேர் வரையில் இல்லாமற் போனார்கள். பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 125,000 பேரில் 55,573 பேர் மடிந்தார்கள். பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தாய் இருந்தாள்.

விளையாட்டில் விமானம் விழுந்தால் ஒரு விசையைத் தட்டி மறுபடியும் புறப்படலாம். எட்டு மணி நேரப் பயணத்தையும் நேரத்தை விரைவாக ஓடவிட்டுச் சுருக்கிக் கொள்ளலாம். குளிர் இல்லை. பசி இல்லை. நடுங்கும் கை இல்லை.

வட்டத்துக்கு வெளியே யார் இருந்தார்கள்?

சகோதரிகளே, அந்த 300 மீற்றர் வட்டத்துக்குத் திரும்பி வாருங்கள். ஒரு தொழிற்சாலையைச் சுற்றி என்ன இருக்கும்? அங்கே வேலை செய்வோரின் வீடுகள், சிறுகடைகள், பாடசாலைகள், ஆஸ்பத்திரிகள். இளவயது ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். வீடுகளில் இருந்தவர்கள் யார்? தாய்மார், சிறு பிள்ளைகள், முதியோர். அதாவது இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களைப் போன்றவர்கள்.

குறிபார்த்து அடிப்பது கைகூடவில்லை என்று கண்டபோது என்ன செய்தார்கள்? நகரத்தையே இலக்காக்கிக் கொண்டார்கள். பிரித்தானியா 1942 பெப்ரவரியில் இதைத் தன் கட்டளையாகவே ஆக்கிற்று. 1943 ஜூலை 27 ஆம் திகதி இரவு ஹம்பேர்க் நகரில் மூண்ட தீ, காற்றையே உறிஞ்சி இழுக்கும் புயலாக மாறிற்று. அந்தப் பத்து நாள் தாக்குதல்களில் அங்கு மாண்டவர்கள் 35,000 முதல் 40,000 பேர் வரை என்பது பொதுவான மதிப்பீடு.

அமெரிக்கா ஜப்பானுக்கு அனுப்பிய பி-29 விமானம் அக்காலத்து விஞ்ஞானத்தின் உச்சம். அதன் துப்பாக்கிகளைத் தூரத்தில் இருந்தவாறே மின்சாரத்தால் திருப்பலாம்; எங்கே சுட வேண்டும் என்பதை ஒரு கணிப்புக் கருவியே சொல்லும். 2012 முதல் விளையாடப்படும் 'வோர் தண்டர்' விளையாட்டில் இந்த விமானத்தைப் பிள்ளைகள் செலுத்துகிறார்கள். ஆனால் 1945 மார்ச் 9 ஆம் திகதி இரவு டோக்கியோவுக்குச் சென்றபோது, பாரத்தைக் குறைப்பதற்காக அந்தத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றைக் கழற்றி விட்டார்கள். உயரத்திலிருந்து குறிபார்ப்பதையும் கைவிட்டார்கள். தாழப் பறந்து, மரவீடுகள் நெருங்கிய குடியிருப்புகளின் மேல் தீக்குண்டுகளைக் கொட்டினார்கள். சுமார் 16 சதுர மைல் எரிந்தது. 80,000 முதல் 100,000 பேர் வரை ஒரே இரவில் மாண்டார்கள். பத்து இலட்சம் பேர் வீடிழந்தார்கள். விளையாட்டுக்காரர் பெருமை பேசும் கருவிகள் பலவும் இல்லாமலே அந்த யுத்தத்தின் மிகக் கொடிய விமானத் தாக்குதல்களில் ஒன்று நடந்து முடிந்தது.

1945 ஓகஸ்ட் 6 ஆம் திகதி ஹிரோஷிமாவின் மேல் பறந்த பி-29 இல் நோர்டன் கருவி இருந்தது. குறி வைத்தது 'ஐஓய்' என்ற பாலத்தின் மீது. 31,000 அடி உயரத்திலிருந்து விழுந்த அணுகுண்டு, காற்றில் ஒதுங்கிப் பாலத்திலிருந்து சுமார் 240 மீற்றர் தள்ளி வெடித்தது. கருவியின் கணக்குப்படி இது மிக நல்ல குறி. அந்தத் தூரத்தில் நேர் கீழே இருந்தது 'ஷிமா' என்ற ஆஸ்பத்திரி. அதனுள் இருந்த நோயாளரும் தாதியரும் அந்தக் கணத்திலேயே போய்விட்டார்கள். அவ்வாண்டு முடிவதற்குள் அந்த நகரில் மாண்டவர்கள் ஏறத்தாழ 140,000 பேர். இப்படியொரு குண்டுக்கு 240 மீற்றர் பிழையும் ஒன்றுதான், பிழையே இல்லாததும் ஒன்றுதான்.

நமது வானத்திலும்

இவையெல்லாம் தூர தேசத்துக் கதைகள் என்று எண்ண வேண்டாம். 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி, கிறிஸ்தவர்களின் உயிர்த்த ஞாயிறு தினத்தன்று காலை, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அவை நாடி வந்தது துறைமுகத்தையும் இரத்மலானை விமான நிலையத்தையும். ஆனால் அங்கொடை மனநோயாளர் ஆஸ்பத்திரியின் மீதும் குண்டுகள் விழுந்தன. தாம் எந்த நாட்டில், எந்த யுத்தத்தில் இருக்கிறோம் என்றும் அறியாத மனிதர்கள் அங்கே இருந்தார்கள்.

நான்கு நாட்களின் பின், ஏப்ரல் 9 அன்று திருகோணமலை தாக்கப்பட்டது. 'ஹேர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் மூழ்கியது. அன்று காலை கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து 11 பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பானியக் கப்பல்களைத் தேடிப் புறப்பட்டன. ஆம், இன்று கடைத்தொகுதியும் விளையாட்டு மைதானமுமாக இருக்கும் அதே இடந்தான். அன்று அது விமான ஓடுபாதை. இரண்டு விமானங்கள் இடைவழியில் திரும்பி விட்டன. மற்ற ஒன்பதும் எதிரி அறியாமலே கப்பல்களின் நேர் மேலே போய்ச் சேர்ந்தன. சுமார் 11,000 அடியிலிருந்து குண்டுகளை விட்டன. கப்பல்களுக்கு அருகே தண்ணீர் எழுந்தது. ஒரு குண்டும் படவில்லை. ஒன்பதில் ஐந்து விமானங்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன.

இந்தப் பிளென்ஹைம் விமானத்தைத்தான் 'கிளிஃப்ஸ் ஒஃப் டோவர்' விளையாட்டில் நம் பிள்ளைகள் ஓட்டுகிறார்கள். அதன் மானிகள், விசைகள், கண்ணாடிச் சட்டங்கள் எல்லாம் நுணுக்கமாகச் செய்யப்பட்டிருக்கின்றன. நமது கரையிலிருந்து அதே வகை விமானத்தில் போய்த் திரும்பாதவர்கள் உண்டு என்பது எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

துல்லியமும் உண்மையும்

அரபு மொழியில் 'திக்கா' என்று ஒரு சொல் உண்டு. நுணுக்கம், துல்லியம் என்று பொருள். 'ஸித்க்' என்று இன்னொரு சொல் உண்டு. உண்மை, வாய்மை என்று பொருள். வகுப்பில் இவ்விரண்டு சொற்களையும் மாணவர்கள் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டு விடுவார்கள். ஒரு மனிதன் நடந்த சம்பவத்தைச் சொல்லும்போது திகதி, நேரம், உடுத்திருந்த சட்டையின் நிறம் வரையில் சரியாகச் சொல்லிவிட்டு, யார் அடித்தார் யார் அடிபட்டார் என்பதை மட்டும் சொல்லாமல் விடலாம். அவன் பேச்சில் திக்கா இருக்கிறது, ஸித்க் இருக்கிறதா?

விமான விளையாட்டுக்களின் கதையும் இதுதான். அவை சொல்வதில் பொய் குறைவு. சொல்லாமல் விடுவதுதான் அதிகம். மூக்குக் கூண்டின் ஆணி வரையில் சரியாக இருக்கும். கீழே தெரியும் வீடுகளுக்குள் மட்டும் ஆட்கள் இல்லை. குண்டு விழுந்ததும் புகை எழும், புள்ளி ஏறும், அத்துடன் காட்சி முடிந்து விடும். கருவி உண்மையானது என்பதால் முழுக்கதையும் உண்மையானது என்று பிள்ளை எண்ணிக் கொள்கிறான். அந்தக் காலத்துப் பெரியவர்களும் இதே விதமாகத்தான் ஏமாந்தார்கள். கருவி துல்லியமானது, ஆகவே யுத்தமும் துல்லியமாக இருக்கும் என்று நம்பினார்கள். இன்றும் ஒரு புதிய ஆயுதம் வரும்போதெல்லாம் "இது குறி தவறாது" என்றே சொல்லப்படுகிறது. இந்தச் செய்தியைக் கேட்டதும் "தவறினால் யார் மேல் விழும்?" என்று கேட்கத் தெரிந்த பிள்ளையை வளர்ப்பது சிறிய காரியமல்ல.

நீங்கள் செய்யக்கூடியது

விளையாட்டைப் பறிப்பதால் இது கிடைத்துவிடாது. பறித்தால் நண்பன் வீட்டில் விளையாடுவான்; அங்கே கேள்வி கேட்க நீங்கள் இருக்க மாட்டீர்கள். ஒருநாள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் அமருங்கள். "எனக்கும் காட்டித் தாங்க மகன்" என்று கேளுங்கள். பிள்ளைக்குத் தான் அறிந்ததை உம்மாவுக்குக் கற்றுக் கொடுப்பதைப் போன்ற சந்தோசம் வேறில்லை. காற்று எந்தப் பக்கம், குண்டு ஏன் முன்னதாகவே விடப்படுகிறது, பம்பரம் ஏன் சாயாமல் நிற்கிறது என்று அவன் விளக்கட்டும். அதில் கணிதமும் பௌதிகமும் இருக்கின்றன. அவற்றை அவன் படிக்கட்டும். அந்தப் பலனை மறுக்க வேண்டாம்.

பிறகு அவனிடம் ஒரு சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். இந்த விளையாட்டுக்களில் இலகு முறை, கடின முறை என்று உண்டு. இலகு முறையில் குண்டு எங்கே விழும் என்பதைத் திரையிலேயே ஓர் அடையாளம் காட்டிவிடும். அதை நிறுத்திவிட்டு, மேகத்தையும் காற்றையும் கூட்டி, உயரத்திலிருந்து பத்துத் தடவை குண்டு வீசச் சொல்லுங்கள். எத்தனை இலக்கில் விழுந்தன, எத்தனை வெளியே விழுந்தன என்று ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். வெளியே விழுந்த இடத்தில் திரை என்ன காட்டுகிறது, உண்மையான நகரமானால் அங்கே என்ன இருந்திருக்கும் என்று கேளுங்கள். சகோதரிகளே, கருவியை அசல் போலச் செய்யச் செய்ய, விளையாடுபவனின் குண்டு அதிகமாகக் குறி தவறும். அவ்வாறு தவறும் விளையாட்டுத்தான் சரித்திரத்துக்கு நெருக்கமான விளையாட்டு. வீசிய ஒவ்வொரு குண்டும் இலக்கில் விழும் விளையாட்டு, விமானத்தை எவ்வளவு அழகாகச் செய்திருந்தாலும், சரித்திரத்தைப் பொறுத்தவரை கற்பனைதான்.

வயதில் சிறிய பிள்ளைக்கு இத்தனையும் வேண்டாம். பதின்மூன்று பதினான்கு வயதைத் தாண்டியவனுக்குச் சொல்லலாம். சொல்லும்போது குற்றஞ்சாட்டும் குரலில் சொல்லாதீர்கள். அவன் யாரையும் கொல்லவில்லை. ஒரு யந்திரத்தை நேசிக்கிறான், அவ்வளவுதான். அந்த யந்திரத்தின் மற்றப் பாதிக் கதையையும் அவனுக்குக் கொடுங்கள். ஷ்வைன்ஃபுர்ட்டிலிருந்து திரும்பாத 60 விமானங்களையும், ஷிமா ஆஸ்பத்திரியையும், அங்கொடையையும் அவன் தேடிப் படிக்கட்டும். மூக்குக் கூண்டு எந்த ஆண்டில் வந்தது என்று தேடிய அதே கண்டிப்போடு, குண்டு எங்கே விழுந்தது என்றும் அவன் தேட வேண்டும்.

வாப்பாமார் வெளியூரிலோ வெளிநாட்டிலோ தொழில் செய்யும் வீடுகளில் இந்தப் பொறுப்பு முழுவதும் உம்மாவின் தோளில்தான் இருக்கிறது என்பதை நாம் அறிவோம். "எனக்குக் கணனி தெரியாது, நான் என்ன கேட்பது?" என்று தயங்க வேண்டாம். விமானம் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. குண்டு விழும் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், தொட்டிலில் ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும் என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? அந்த அறிவு எந்தக் கருவியிலும் பொருத்தப்படவில்லை. அதை நீங்கள்தான் உங்கள் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும்.